இரண்டு செயப்படுபொருளுக்கு நடுவே ‘ஆல்ரெடி’ நிற்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(இம்முறை வந்த ஆங்கில இலக்கணக் கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன. ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்ததையோ சொன்னதையோ ‘ஹேட்’ போட்டு எழுதும்போது வினையடையை எங்கே வைப்பது என்பதே அந்த இடம். அவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் வழக்கம்போலத் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. உரக்கப் படித்துப் பார்ப்பதற்கு அதுவே வசதி.)

கேள்வி: அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எழுத்தர் நான். வாடிக்கையாளர் ஒருவர் ரசீது வரவில்லை என்று புகார் கொடுத்தார். அவர் புகார் கொடுத்த நாளுக்கு முன்பே ரசீதைக் கொடுத்துவிட்டோம் என்பதைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க, ‘வி ஹேட் கிவன் ஹிம் ஆல்ரெடி த ரிசீட்’ என்று எழுதினேன். மேலாளர் ‘ஆல்ரெடி’யை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, ‘ஹேட்’டுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். காரணம் கேட்டதற்கு, ‘காதுக்கு அப்படித்தான் வருகிறது’ என்றார். விதி என்று ஒன்று இல்லையா?

பதில்: உங்கள் மேலாளர் செய்த திருத்தம் சரியானது. அவர் சொன்ன காரணத்தையும் முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மொழி காதில் ஊறாதவர்களுக்கு அது வழிகாட்டாது. விதி இருக்கிறது.

முதலில் நீங்கள் எழுதியது ஏன் அப்படி வந்தது என்று பார்ப்போம். ‘நாங்கள் அவருக்கு ஏற்கெனவே ரசீதைக் கொடுத்திருந்தோம்’ என்பதுதான் உங்கள் மனத்தில் ஓடிய வாக்கியம். அதில் ‘ஏற்கெனவே’ நிற்பது ‘அவருக்கு’ என்பதற்கும் ‘ரசீதை’ என்பதற்கும் நடுவில். தமிழில் அது மிக இயல்பான இடம். வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடிப்பதால், அதற்கு முன் உள்ள சொற்களிடையே எங்கு வேண்டுமானாலும் வினையடையை வைக்கலாம். அழுத்தம் மாறுமே தவிரப் பொருள் சிதையாது. அந்த இடத்தை நீங்கள் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

ஆங்கிலத்தில் அந்த இடம் அடைக்கப்பட்ட இடம். ‘கிவ்’, ‘சென்ட்’, ‘லென்ட்’, ‘ஷோ’, ‘டெல்’, ‘டீச்’, ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’, ‘ஹேண்ட்’ முதலிய வினைகள் இரண்டு செயப்படுபொருளை ஏற்பவை. பெறுபவர் முன்னும் பொருள் பின்னுமாக, இடையில் உருபோ வேறு சொல்லோ இல்லாமல், ‘கிவன் ஹிம் த ரிசீட்’ என்று மூன்றும் ஒரே முடிச்சாக வரும். இந்த முடிச்சுக்குள் வினையடை நுழையக் கூடாது. ‘கிவன் ஹிம் ஆல்ரெடி த ரிசீட்’ என்பது பிழையானால், ‘கிவன் ஆல்ரெடி ஹிம் த ரிசீட்’ என்பது அதைவிடப் பெரிய பிழை. வினையடைக்கு மிஞ்சுவது முடிச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களே. ‘வி ஹேட் ஆல்ரெடி கிவன் ஹிம் த ரிசீட்’ என்பது முன் இடம். ‘வி ஹேட் கிவன் ஹிம் த ரிசீட் ஆல்ரெடி’ என்பது பின் இடம். இரண்டும் சரியே. ஆனால் கடைசியில் வரும் ‘ஆல்ரெடி’ பேச்சுக்குரியது. ‘அதுதான் அப்போதே கொடுத்தாகிவிட்டதே’ என்னும் சலிப்பு அதில் லேசாகத் தொனிக்கும். தலைமை அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்தத் தொனி வேண்டாம் என்பதால், உங்கள் மேலாளரின் அம்புக்குறி சரியான திசையில்தான் போயிருக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், நம்மிடம் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே செய்கிறது. ‘அவருக்கு’ என்பதில் உள்ள ‘கு’ பெறுபவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. ‘ரசீதை’ என்பதில் உள்ள ‘ஐ’ கொடுக்கப்பட்ட பொருளைக் காட்டிவிடுகிறது. ‘ஷி ஹேட் ஷோன் த சைல்ட் த டீச்சர்’ என்றால் குழந்தைக்கு ஆசிரியரைக் காட்டினாள் என்று பொருள். பின்னிரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் ஆசிரியருக்குக் குழந்தையைக் காட்டியதாகிவிடும். சொல்லில் ஒட்டியிருக்கும் அடையாளம் எதுவுமில்லை. வரிசை ஒன்றே அடையாளம். அந்த வரிசையின் நடுவில் இன்னொரு சொல்லைச் செருகினால் படிப்பவர் தடுமாறத்தான் செய்வார்.

ஆங்கிலம் என்றுமே இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. இன்று ‘அவனை’, ‘அவனுக்கு’ ஆகிய இரண்டுக்கும் பொதுவாக வழங்கும் ‘ஹிம்’ அன்று ‘அவனுக்கு’ என்னும் பொருளுக்கே உரியது. ‘அவனை’ என்பதற்கு ‘ஹினெ’ என்று தனி வடிவம் இருந்தது. ஈறுகள் தேயத் தேய வரிசை இறுகியது. அதன் உறவுமொழியான ஜெர்மன் இந்த ஈறுகளில் சிலவற்றை இன்றும் வைத்திருக்கிறது. அங்கே ‘ஸீ ஹட்டெ இம் ஷோன் ஐன் பூக் கெகேபன்’ என்று தாராளமாகச் சொல்வார்கள். இரண்டாவதாக நிற்கும் ‘ஹட்டெ’ என்னும் துணைவினையை மட்டும் விலக்கிவிட்டுப் பாருங்கள்: ‘அவள் அவனுக்கு ஏற்கெனவே ஒரு புத்தகம் கொடுத்து’ என்று நம் வரிசை அப்படியே வந்துவிடும். நீங்கள் ஜெர்மனில் எழுதியிருந்தால் உங்கள் வாக்கியத்தில் அம்புக்குறி விழுந்திருக்காது.

கேள்வி: ‘ஷி ஹேட் ஆல்ரெடி கிவன்’, ‘ஷி ஆல்ரெடி ஹேட் கிவன்’ இரண்டையும் செய்தித்தாள்களில் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.

பதில்: ‘ஹேட் ஆல்ரெடி கிவன்’ என்பதையே சொல்லிக் கொடுங்கள். மற்றது பிழையன்று, அமெரிக்க எழுத்தில் அது கூடுதலாகக் காணப்படும், ‘ஹேட்’டை அழுத்திச் சொல்லும்போதும் வரும். ஆனால் பேச்சில் ‘ஷி ஹேட்’ என்பது ‘ஷீட்’ என்று சுருங்குவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘ஷீட் ஆல்ரெடி கிவன்’ என்று சொல்ல முடிவது, வினையடை ‘ஹேட்’டுக்குப் பின்னால் நிற்பதால்தான்.

வகுப்பறையில் ‘வி-டூ’ (‘கேவ்’ போன்றது), ‘வி-த்ரீ’ (‘கிவன்’ போன்றது) என்று வினையின் வடிவங்களுக்கு எண் போட்டுப் பழகிவிட்டோம் அல்லவா? அதையே பயன்படுத்தலாம். ‘ஹேட்’டுக்கும் வி-த்ரீக்கும் நடுவில் உள்ள இடைவெளியே வினையடையின் வீடு என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிவிட்டால், ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’ ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ‘ஹி ஹேட் ஜஸ்ட் ஹேண்டட் ஹர் த கீ’, ‘தே ஹேட் நெவர் டோல்ட் அஸ் த ட்ரூத்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘யெட்’ மட்டும் பெரும்பாலும் கடைசிக்கு ஓடிவிடும்; இல்லையென்றால் ‘நாட்’டை ஒட்டி ‘ஹேட் நாட் யெட் பெய்ட் ஹிம் த ரெண்ட்’ என்று வரும்.

பிள்ளைகள் இடறும் இடம் இன்னொன்று உண்டு. ‘ஹேட்’ சில வாக்கியங்களில் துணைவினையாக இல்லாமல் ‘வைத்திருந்தாள்’ என்னும் முதன்மை வினையாகவே வரும். ‘ஷி ஆல்ரெடி ஹேட் த மணி’ என்பதில் ‘ஹேட்’டுக்கு முன்னால் ‘ஆல்ரெடி’ நிற்பது அதனால்தான். முதன்மை வினைக்கு முன்னால், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால் என்று சொன்னால் இரண்டு வாக்கியங்களும் ஒரே விதிக்குள் வந்துவிடும். செயப்பாட்டு வினையில் துணைவினை இரண்டாகும்போது முதலாவதற்கு அடுத்து வையுங்கள்: ‘ஹி ஹேட் ஆல்ரெடி பீன் கிவன் த மணி’.

கேள்வி: ‘ஹி ஹேட் கைண்ட்லி ஷோன் ஹர் த வே’, ‘ஹி ஹேட் ஷோன் ஹர் த வே கைண்ட்லி’ இரண்டும் ஒன்றுதானே? முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம் என்றால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமே.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. ‘ஆல்ரெடி’ விஷயத்தில் இடம் மாறினால் தொனி மட்டுமே மாறுகிறது. பண்பைச் சொல்லும் வினையடைகளில் பொருளே மாறக்கூடும். முதல் வாக்கியம், வழி காட்டியது அவருடைய நல்ல மனத்தைக் காட்டுகிறது என்கிறது; அது செய்தவரைப் பற்றிய மதிப்பீடு. இரண்டாவது, வழி காட்டிய விதம் அன்பாக இருந்தது என்கிறது. குரலும் முகமும் கனிவாக இருந்தன என்று கொள்ளலாம். ‘வைஸ்லி’ என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். ‘ஷி ஹேட் வைஸ்லி டோல்ட் தெம் நத்திங்’ என்றால் அவர்களிடம் எதுவும் சொல்லாமல் இருந்தது புத்திசாலித்தனம். அதையே கடைசியில் வைத்து ‘டோல்ட் தெம் நத்திங் வைஸ்லி’ என்றால், புத்திசாலித்தனமாக எதையுமே சொல்லவில்லை என்று விபரீதமாகவும் படிக்க இடமாகிவிடும். நாமும் ‘நல்லவேளையாக அவள் எதுவும் சொல்லவில்லை’ என்று அத்தகைய சொல்லை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வைக்கிறோம். ஆகவே இந்த வேறுபாடு நமக்கு அந்நியமானதன்று.

கேள்வி: ‘டீச்சர் ஹேட் கேர்ஃபுலி எக்ஸ்ப்ளெய்ன்ட் அஸ் த லெசன்’ என்ற வாக்கியத்தில் வினையடை நீங்கள் சொல்கிற வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் விடைத்தாளில் மதிப்பெண் போய்விட்டது.

பதில்: வினையடை குற்றமற்றது, குற்றம் ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் அஸ்’ என்பதில் இருக்கிறது. ‘எங்களுக்குப் பாடத்தை விளக்கினார்’ என்று தமிழில் நான்காம் வேற்றுமை எல்லா வினைகளோடும் சிரமமில்லாமல் சேர்வதால், ‘டெல்’லைப் போலவே ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்பதும் இரண்டு செயப்படுபொருளை ஏற்கும் என்று எண்ணிவிடுகிறோம். அது ஏற்காது, ‘சஜெஸ்ட்’, ‘டிஸ்கிரைப்’, ‘சே’ ஆகியவையும் ஏற்கா. பெறுபவரைச் சொல்ல வேண்டுமானால் ‘டூ’ வேண்டும்: ‘த டீச்சர் ஹேட் கேர்ஃபுலி எக்ஸ்ப்ளெய்ன்ட் த லெசன் டு அஸ்’.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. ‘டூ’ வந்துவிட்டால் முடிச்சு தளர்ந்துவிடுகிறது. ‘த டீச்சர் ஹேட் எக்ஸ்ப்ளெய்ன்ட் த லெசன் கேர்ஃபுலி டு அஸ்’ என்று பொருளுக்கும் பெறுபவருக்கும் நடுவில் வினையடையைத் தயங்காமல் வைக்கலாம். ‘ஷி ஹேட் சென்ட் த பார்சல் இம்மீடியட்லி டு ஹர் பிரதர்’ என்பதும் சரியே. முதல் பதிலில் சொன்ன காரணத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ‘டூ’ என்பது நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. பெறுபவர் யார் என்று அடையாளம் கிடைத்துவிட்டதால், வரிசை அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும் வினைக்கும் அதை ஒட்டிய பொருளுக்கும் நடுவில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் கேர்ஃபுலி த லெசன் டு அஸ்’ என்பது அப்போதும் உறுத்தும்.

கேள்வி: ‘ஹி ஹேட் டோல்ட் மி ரிபீட்டட்லி தட் த ஷாப் வுட் க்ளோஸ்’ என்ற வாக்கியத்தை நல்ல ஆங்கில நாளிதழ் ஒன்றில் படித்தேன். ‘மி’ ஒரு செயப்படுபொருள், ‘தட்’ தொடங்கி வருவது இன்னொன்று. நடுவில் வினையடை நிற்கிறதே!

பதில்: கூர்மையான கண் உங்களுக்கு. இது விதிவிலக்குதான், ஆனால் காரணமுள்ள விதிவிலக்கு. இரண்டாவது செயப்படுபொருள் ஒரு சிறு சொல்லாக இல்லாமல் ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியமாக நீளும்போது, ‘தட்’ என்பதே அதன் வாசற்படியாக நின்று, இங்கிருந்து புதியது தொடங்குகிறது என்று அறிவித்துவிடுகிறது. எனவே அதற்கு முன்னால் வினையடை நிற்பதால் குழப்பமில்லை. நிற்காவிட்டால்தான் பல நேரங்களில் குழப்பம் நேரும்.

ஒரு வாடகை வீட்டு விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி ஹேட் டோல்ட் ஹர் தட் ஹி வுட் பே த ரெண்ட் ஆன் மண்டே’ என்று குடியிருப்பவர் ஒருவரைப் பற்றி எழுதினால், திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை தருவதாகச் சொன்னாரா? கடைசியில் நிற்கும் ‘ஆன் மண்டே’ தனக்கு அருகில் உள்ள ‘பே’ என்ற வினையோடுதான் ஒட்டும். சொன்னது திங்கட்கிழமை என்றால், ‘ஹி ஹேட் டோல்ட் ஹர் ஆன் மண்டே தட் ஹி வுட் பே த ரெண்ட்’ என்று நடுவில் வைப்பதே தெளிவு. தமிழிலும் ‘திங்கட்கிழமை வாடகை தருவதாகச் சொல்லியிருந்தார்’ என்பதில் இதே மயக்கம் இருக்கிறது. ‘வாடகை தருவதாகத் திங்கட்கிழமை சொல்லியிருந்தார்’ என்று மாற்றினால் தீர்ந்துவிடும். வாடகை ஒப்பந்தம், போலீஸ் புகார், வழக்கறிஞர் அறிவிப்பு போன்றவற்றை எழுதுபவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ‘ஐ ஹேட் சென்ட் யூ எ லெட்டர் யெஸ்டர்டே’ என்பதில் ‘யெஸ்டர்டே’ சரியான இடத்தில் இருக்கிறதா?

பதில்: இடம் சரி, ‘ஹேட்’தான் சரியில்லை. ‘நேற்று உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன், கிடைத்ததா?’ என்று நாம் மரியாதையோடு கேட்கும் ‘இருந்தேன்’, ஆங்கிலத்தில் ‘ஹேட்’டாக வேடம் போட்டு வந்துவிடுகிறது. தமிழில் அந்த ‘இருந்தேன்’ பேச்சைக் கொஞ்சம் மென்மையாக்குகிறது. ஆங்கிலத்தின் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு அந்த மென்மை தெரியாது; கடந்த காலத்தில் நடந்த இன்னொன்றுக்கு முன்பே இது நடந்தது என்பதற்காகவே அது ஏற்பட்டது. அப்படி இன்னொரு நிகழ்ச்சி இல்லையென்றால் ‘ஐ சென்ட் யூ எ லெட்டர் யெஸ்டர்டே’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: முடிச்சுக்குள் எதுவும் நுழையாது என்றால், ‘ஐ ஹேட் லென்ட் ஹிம் ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்பதில் ‘ஒன்லி’ எப்படி நுழைந்தது?

பதில்: அது வினையை விட்டுப் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டதால் நுழைய முடிந்தது. ‘ஐந்நூறு ரூபாய் மட்டும்’ என்பதில் ‘மட்டும்’ எப்படி ரூபாயோடு ஒன்றாகிவிடுகிறதோ, அப்படியே ‘ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ முழுவதும் சேர்ந்து ஒரே செயப்படுபொருள். நம்முடையது சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடையது முன்னால் ஒட்டும் என்பதே வேறுபாடு. ‘ஐ ஹேட் லென்ட் ஒன்லி ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்றால் அவனுக்கு மட்டுமே கடன் கொடுத்தேன், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றாகும்.

‘ஐ ஹேட் ஒன்லி லென்ட் ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்று வழக்கமான வீட்டிலேயே அதை வைத்தால், ஐந்நூறுதான் என்றும் கொள்ளலாம். கடனாகத்தான் கொடுத்தேன், இனாமாக இல்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலின் அழுத்தம் எது என்று காட்டிவிடும். இதைப் பிழை என்று அடித்துத் திருத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஹென்றி வாட்சன் ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியிலேயே, ‘ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ’ போன்ற வாக்கியங்களில் மயக்கம் எதுவும் இல்லாதபோது ‘ஒன்லி’யை வலிந்து நகர்த்த வேண்டியதில்லை என்று வாதாடியிருக்கிறார். என் கருத்தும் அதுவே, பண விவகாரம் நீங்கலாக.

பணம் என்று வந்துவிட்டால் ‘ஆல்மோஸ்ட்’ இன்னும் ஆபத்தானது. ‘ஹி ஹேட் கிவன் ஹர் ஆல்மோஸ்ட் ஆல் த மணி’ என்றால் ஏறக்குறைய முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டான், கொஞ்சம்தான் பாக்கி. ‘ஹி ஹேட் ஆல்மோஸ்ட் கிவன் ஹர் ஆல் த மணி’ என்றால் கொடுக்கப்போனவன் நிறுத்திவிட்டான் என்றும் ஆகலாம். அப்படியானால் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை.